ஆரு காத்துட்டிருக்கறாங்க?

லிஃப்ட் நின்றுவிட்டது என்று போய்ச் சொன்னால், வேறு யாராக இருந்தாலும் எந்த லிஃப்ட், என்ன கோளாறு, மெக்கானிக்கைக் கூப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்பார்கள். அக்கா கேட்பது வேறு.

“அதுக்கு ஆரு காத்துட்டிருக்கறாங்க?”

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் இதே கேள்விதான். சலவைக்குப் போன துணி திரும்பி வரவில்லை என்றாலும், ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கழன்றுவிட்டது என்றாலும், கேன்டீன் சாக்கடை அடைத்துக்கொண்டது என்றாலும் இதேதான். பதில் தெரியாமல் போய் நின்றால், “போயிப் பாத்துட்டு வா அம்மிணி” என்று திருப்பி அனுப்பிவிடுவார். பார்த்துவிட்டு வந்து, மூன்றாம் மாடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஸ்கேனுக்குப் போக வீல்சேரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னால், அதற்குள் அவர் படியில் பாதி தூரம் ஏறியிருப்பார்.

மலையாள எல்லையோரச் சித்தூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. நான் அங்கே புகார் போன் எடுக்கும் வேலையில் இருந்தேன். பிறந்து வளர்ந்தது மூணாறு மலையில், பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில். கணவருக்குச் சித்தூரில் பஸ் மெக்கானிக் வேலை கிடைத்ததால் மலையிறங்கி வந்தோம். அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய அறைக் கதவில் ‘ஃபெசிலிட்டி மேனேஜர்’ என்று பலகை இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டேன்.

“வைத்தியத்த உட்டுட்டு இந்தக் கட்டடத்துல என்னென்ன நடக்குதோ, அத்தனையும் நம்ம தலைல” என்றார்.

ஒல்லியான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவை; ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பின் சத்தம் கேட்டாலே வராந்தாவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். அது பயத்தால் அல்ல. யாராவது சும்மா நின்றால் எதற்காகவோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்து அக்கா விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். விசாரித்தால் விடவும் மாட்டார். ஒருமுறை வாசல் வேப்பமரத்தடியில் சும்மா காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒருவரை லேப் ரிசல்ட்டுக்கு வந்தவர் என்று எண்ணி, உள்ளே கூட்டிப்போய் ரிசப்ஷனில் நிறுத்தி, பெயர் கேட்கும் வரை போயிற்று. அவர் மருந்து கம்பெனி வண்டியின் டிரைவர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு காலையில் இரண்டு புகார்கள் சேர்ந்தாற்போல வந்தன. டைரக்டர் டாக்டரின் மீட்டிங் அறையில் ஏசி ஓடவில்லை. டயாலிசிஸ் பிரிவின் கழிவறையில் தண்ணீர் இல்லை. மோட்டாருக்கும் ஏசிக்கும் எங்களிடம் சசி என்ற ஒரே ஒரு ஆள்தான் அன்று இருந்தார். பெரியவர் அறை என்பதால் நான் ஏசியை முதலில் சொன்னேன்.

“டாக்டரு உள்ள உக்காந்துட்டாரா?”

“இல்லக்கா, மீட்டிங் இனிமேத்தான்.”

“டயாலிசிஸ்ல?”

“ரெண்டு பேரு கதவுகிட்டயே நிக்காங்க.”

சசி டயாலிசிஸுக்குப் போனார். அக்கா தானே மீட்டிங் அறைக்குப் போய் கிழக்குப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார். சித்தூர்க் காற்றைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் வழியாக வருகிற கிழக்குக் காற்று, மார்கழி, தை மாதங்களில் துணிக்கொடியையே பிடுங்கிக்கொண்டு போகும். டைரக்டர் உள்ளே நுழைந்தபோது காகிதங்கள் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தன.

“என்னம்மா இது?”

“காத்துங்க டாக்டர். இன்னிக்கு நல்லா வருதுங்க” என்றார் அக்கா. முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. காகிதங்களின் மேல் வைக்க நான்கு மருந்து பாட்டில்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால் அக்கா ஒரு கல்யாண மண்டபத்தை நிர்வகித்தவர். இதை அவர் மறைக்கவில்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்வார். எங்கள் மருத்துவமனையின் பெரிய தலைவலி ஒன்று தீர்ந்ததும் அந்த மண்டபத்தால்தான்.

காலையில் டாக்டர் வந்து “வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்ன நோயாளியின் அறை, அடுத்தவருக்குக் கிடைக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை புதிதாக வந்தவர்கள் கீழே கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார்கள். ஆள் போதவில்லை என்று எல்லோரும் சொன்னோம். அக்கா ஒருநாள் முழுக்க ஒரே ஒரு காலி அறையின் வாசலில் நின்று என்ன நடக்கிறது என்று பார்த்தார். நோயாளி போன பிறகு சுத்தம் செய்யும் மயிலாத்தா வாளியுடன் வந்து, நர்ஸ் சொல்லட்டும் என்று நின்றாள். நர்ஸ், பில் முடிந்த தகவல் வரட்டும் என்று இருந்தாள். மயிலாத்தா கழுவி முடித்த பிறகுதான் படுக்கை விரிப்பு கேட்டுக் கீழே ஆள் போயிற்று. விரிப்பு வந்தபோது மயிலாத்தா வேறு மாடிக்குப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டார்.

“ஏனுங்க, பந்தில சாப்ட்டவங்க கை கழுவப் போறப்பவே எலை எடுக்கறவன் நிப்பான். அவன் பின்னாடியே தொடைக்கறவன். அவன் பின்னாடி எலை போடறவன். ஒருத்தன் முடிச்சுட்டு இன்னொருத்தனக் கூப்பட்டுட்டு இருந்தா மாப்பள ஊட்டுக்காரங்க ரோட்டுக்குப் போயிருவாங்க. நாளைலிருந்து டாக்டரு ‘போலாம்’னு சொன்ன ஒடனே எனக்குச் சொல்லுங்க. பில்லு அதும்பாட்டுக்கு நடக்கட்டும்.”

டாக்டர் சொன்னதுமே விரிப்பு மாடிக்கு ஏறியது. நோயாளி துணி மாற்றும்போதே மயிலாத்தா வராந்தாவில் தயாராக இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அறைகள் தயாராகிவிட்டன. கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சர்கள் காலியாக நின்றதை அந்த வாரம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். டைரக்டர் பாராட்டியபோது, “சாம்பார் வாளி மட்டுந்தானுங்க இல்ல டாக்டர், மத்தபடி அதே வேலை” என்றார் அக்கா.

சொந்த வாழ்க்கையிலும் அவருக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் நிற்கவே மாட்டார். நிற்பதற்குப் பதில் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துபோகலாம் என்று கிளம்பிவிடுவார். பஸ் எப்போதும் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில்தான் அவரைப் பிடிக்கும். அவர் கையைக் காட்டுவார். டிரைவர்களும் பழகிப்போய் நடுரோட்டில் நிறுத்துவார்கள். சோறு குழையும் வரை பொறுக்காமல் விறைத்த சோறே தின்று பழகியவர். நான் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினால் அதை அவரே சொல்லி வாக்கியத்தை முடித்துவிடுவார். பாதி நேரம் நான் சொல்லவந்தது அதுவாக இருக்காது.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். ஏதாவது கதை இருக்கும், சின்ன வயதில் எங்கோ யாரோ காக்கவைத்திருப்பார்கள் என்று எனக்குள் எண்ணம்.

“செருப்புல கல்லு பூந்துருச்சுன்னா, எந்த ஊருக் கல்லுன்னு கேட்டுட்டா எடுப்ப? ஒதறிட்டுப் போவயா மாட்டயா?” என்றார். 

ஒரு வருடம் ஊழியர்களுக்கெல்லாம் மூணாறு டூர். மாட்டுப்பட்டி அணையில் படகுக்கு நீளமான வரிசை. எங்கள் ஆட்கள் வெயிலில் உட்கார்ந்து கடலை கொறிக்க ஆரம்பித்தார்கள். அக்கா காணாமல் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், படகுத்துறையில் நின்று, இறங்குகிறவர்களை ஒரு பக்கமும் ஏறுகிறவர்களை இன்னொரு பக்கமும் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். லைஃப் ஜாக்கெட்டை ஏறிய பிறகு மாட்டாமல் வரிசையிலேயே மாட்டச் சொல்லியிருந்தார். துறைக்காரர்கள் அவரைச் சுற்றுலாத்துறையிலிருந்து வந்த அதிகாரி என்று நினைத்து, “மேடம், மேடம்” என்று கூடவே ஓடினார்கள். எங்கள் முறை வந்தபோது அக்கா படகில் ஏறவே மறந்துபோனார்.

அன்று திரும்பும் வழியில் என் அம்மா எஸ்டேட் ரோட்டு முனையில், கையில் தூக்குப்போசியுடன் நின்றிருந்தாள். எங்கள் வண்டி அந்த வழியாகப் போகும் என்று சொல்லியிருந்தேன். காலையிலிருந்தே நிற்கிறாள் என்று தெரிந்ததும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏம்புள்ள, எந்நேரம் வருவோம்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமல்லோ? பெத்தவள ரோட்டுல நிக்க வெச்சிருக்கற.”

அம்மாதான் சிரித்தாள். “வண்டி வாரதப் பாத்துக்கிட்டு நிக்கிறதுல என்னம்மா கஷ்டம்? எம்மக வாராள்ல.”

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. தூக்குப்போசியிலிருந்த இனிப்புக் கொழுக்கட்டைகளை அவசரமாக எல்லோருக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் நாங்கள் அக்காவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவை. இனிச் சொல்லப்போவதை நாங்கள் எங்களுக்குள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ஐ.சி.யு. வாசல் வராந்தா குறுகலானது. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். அவற்றில் உறவினர்கள், பைகள், தலையணைகள், பிளாஸ்க்குகள். ஒருமுறை மூச்சுத் திணறலோடு வந்த நோயாளியின் ஸ்ட்ரெச்சர் அந்தப் பைகளில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றது. அன்றே அக்கா பெஞ்சுகளை எல்லாம் எடுத்துவிட்டார். கீழே பெரிய ஹாலில் ஃபேன், குடிநீர், டீ, நல்ல நாற்காலிகள். ஏதாவது தகவல் என்றால் மேலிருந்து போன் வரும். நான் மைக்கில் பெயர் கூப்பிடுவேன். வராந்தா பளிச்சென்று ஆயிற்று. ஸ்ட்ரெச்சர்கள் தடையில்லாமல் ஓடின. டாக்டர்களுக்கும் மகிழ்ச்சி, உறவினர்களில் பலருக்கும் மகிழ்ச்சி.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு மட்டும் அது பிடிபடவில்லை. தென்னந்தோப்புக்காரர், தோளில் துண்டு. உள்ளே அவர் மனைவி இருந்தார். செக்யூரிட்டி கீழே அனுப்பினால், சற்று நேரத்தில் படியேறி மறுபடி கதவருகே வந்து நின்றுவிடுவார். எனக்குப் போன் வந்து, நான் அக்காவிடம் சொன்னேன். இருவரும் மேலே போனோம்.

“ஏனுங்க, கீழ ஃபேனுக்கடியில உக்காருங்க. ஏதாச்சுன்னா ஒடனே கூப்படறோம். இங்க நின்னு காத்துட்டிருந்து என்னாவப் போகுது?” அக்காவின் குரலில் கடுமையே இல்லை.

“நான் காத்துட்டெல்லாம் இல்லீங்க அம்மிணி” என்றார் பெரியவர். “அவகூட இருக்கறனுங்க.”

அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கீழே நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். பெரியவரும் மறுக்கவில்லை. கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மதியம் மேலிருந்து போன் வந்தது. நான் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பெரியவர் எழுந்துவிட்டார். அக்கா லிஃப்டைப் பிடித்துவைத்திருந்தார். எங்கும் எதுவும் தாமதமாகவில்லை. எல்லாம் அக்கா வகுத்த ஏற்பாட்டின்படியே நடந்தது. ஆனால் கதவு திறந்தபோது அந்த அம்மாள் போய்விட்டிருந்தார்.

பெரியவர் யாரையும் திட்டவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்காவைப் பார்த்து, “கொஞ்சம் முன்னாடிதான் போச்சாமுங்க” என்றார். யாரோ வழிப்போக்கரிடம் பஸ் போய்விட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

 எல்லோருடைய வாக்கியத்தையும் முடித்துவைக்கிற அக்கா, அன்று பெரியவருடையதை அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் ஐ.சி.யு. பக்கத்தில் சுத்தத்துணி அடுக்கிய அலமாரி அறையைக் காலி செய்தார். சின்ன அறைதான், கதவிலிருந்து இரண்டு எட்டு. நடுச்சுவரை உடைத்துக் கண்ணாடி போடச் சொன்னார். அதன் வழியாக உள்ளே கட்டில்கள் தெரியும். ஒரு நோயாளிக்கு ஒருவர் என்று நாற்காலிகள் போட்டார். துணி அலமாரி கீழே போனதால் விரிப்புகள் மாடிக்கு வர முன்பைவிட நேரமானது. டைரக்டரே அதைச் சுட்டிக்காட்டினார்.

“ஆமாங்க டாக்டர், நேரமாகத்தான் செய்யும். இருக்கட்டுங்க” என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து நாங்கள் எதிர்பார்க்காத பேச்சு.

அதற்கு அடுத்த வருடம் வேலையை எல்லாம் ஒரு ஒப்பந்தக் கம்பெனியிடம் கொடுக்கும் பேச்சு வந்தது. கம்பெனிக்காரர் மரியாதையானவர். புகார்களைப் பதிய ஒரு ஆப் கொண்டுவந்தார்; அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் மாடிக்கு மாடி துப்புரவுப் பெண்களைக் குறைக்கலாம் என்றும் அவர் சொன்னார். மயிலாத்தா முதல் பலருக்கு வேலை போகும். குறைத்தால் என்னவாகும் என்று அக்கா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். சோதித்துப் பார்க்கலாமே என்றார் டைரக்டர். இரண்டாம் மாடியில் ஒரு வாரம் குறைந்த ஆட்களோடு சோதனை தொடங்கியது.

அந்த வாரத்தில்தான் டைரக்டருக்கே குடலிறக்க ஆபரேஷன். அவருக்கான அறை இரண்டாம் மாடியில். ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளிந்து, ஸ்ட்ரெச்சரில் வராந்தாவுக்கு வந்தார். அறை தயாராகவில்லை. சாதாரணமாக அக்கா பறந்திருப்பார். அன்று பறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

“ரூம் என்னாச்சும்மா?”

“ஆயிட்டிருக்குதுங்க டாக்டர். மாடி முழுசுக்கும் ரெண்டே பேருதானுங்க. இன்னிக்கு ஏழெட்டு டிஸ்சார்ஜு.”

டைரக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து அவரைப் பார்த்து நலம் விசாரித்தார்கள். ஒருவர் அந்த நிலையிலும் லீவு கேட்டார்.

“வேற பேஷன்ட் யாராவது இப்பிடிக் கெடக்கறாங்களா?” என்று கேட்டார் டைரக்டர் கொஞ்ச நேரம் கழித்து.

“அதெப்படிங்க உடுவேன்? புதுசா வந்தவங்கள எல்லாம் காலைலயே மூணாவது மாடிக்கு அனுப்பிட்டனுங்க. நீங்க ஒருத்தருதான்.”

டைரக்டருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “போதும்மா, தெரிஞ்சுது. ரூமுக்குக் கொண்டு போங்க” என்றார். மயிலாத்தா எங்கிருந்தோ வாளியுடன் ஓடிவந்தாள்.

கம்பெனி வந்தது, ஆனால் ஒருவரையும் குறைக்கவில்லை. டைரக்டர் அதை ஒப்பந்தத்திலேயே எழுதவைத்தார். மேலாளர் வேலையில் அக்கா தொடர வேண்டும் என்றும் கேட்டார். அக்கா சில மாதங்கள்தான் இருந்தார். அவர் கணவருக்கு ஒருநாள் அவர்களுடைய தென்னந்தோப்பிலேயே பக்கவாதம் வந்துவிட்டது. எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார்; ஆனால் வலது கை போயிற்று, பேச்சும் தடைப்பட்டுவிட்டது. அக்கா வேலையை விட்டார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசி நாள் சாயங்காலம் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு நானும் வேலையை விட்டுவிட்டு மலைக்கே திரும்பிவிட்டேன். அம்மாவுக்கு முடியாமல் போனதால் கணவர் மூணாறிலேயே வேலை பார்த்துக்கொண்டார். இங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் எனக்கு இப்போது அக்கா பார்த்த அதே வேலை. லிஃப்ட் கிடையாது, மாடியே ஒன்றுதான். மழைக்காலத்தில் விரிப்புகள் காய்வது பெரும்பாடு.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சித்தூர் போனபோது அக்கா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அக்காவின் கணவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அக்கா. கொஞ்சம் சதை போட்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு என்ன சந்தோஷம்! ஆனால் எழுந்து ஓடிவரவில்லை.

“பாருங்க, ஆரு வந்திருக்கறாங்கன்னு. மூணாத்து அம்மிணி” என்று கணவரிடம் சொன்னார்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. ஏதோ கேட்க வாயைத் திறந்தார். “அ...” என்றார். இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. “அ... ம...”

அம்மாவைக் கேட்கிறார் என்று நினைத்து, “அம்மா நல்லாருக்காங்கண்ணே” என்றேன். அவர் தலையை அசைத்தார். அது இல்லை. “சாப்பிட்டாச்சுண்ணே, கல்யாண வீட்டுலயே...” என்று நான் தொடர்வதற்குள் அக்கா என் மணிக்கட்டைத் தொட்டார்.

“இரு அம்மிணி. அவரே சொல்லட்டும்.”

இருந்தேன். வெளியே காற்றில் தென்னை மட்டை ஒன்று ஓட்டின் மேல் உரசிக்கொண்டிருந்தது. அவர் உதடுகள் கூடின, பிரிந்தன, மறுபடி கூடின. அக்காவின் கண்கள் அந்த உதடுகளை விட்டு நகரவில்லை. சொல் என்னவென்று அக்காவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அதை எடுத்துக் கொடுக்காமல் இருந்தார்.

“ம... மல... மலைல...” நெற்றி வியர்த்தது. “...குளுரா?”

“பயங்கரக் குளுருண்ணே” என்றேன். “காலைல தேயிலைச் செடியெல்லாம் வெள்ளையா ஒறைஞ்சு கெடக்கு.”

அவர் சிரித்தார். அடுத்ததைக் கேட்க மறுபடி வாயைத் திறந்தார். அக்கா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.